ஆட்டம் மந்தமானால் கடைக்கு ஓடலாமா?

கம்ப்யூட்டரில் விளையாடி, அந்த விளையாட்டை நேரடியாக ஒளிபரப்பி, அதையே பிழைப்பாக்கிக்கொள்ளலாம் என்று நம்பும் பிள்ளைகள் இன்று மும்பைத் தமிழர் வீடுகளிலும் இருக்கிறார்கள். அது சரியா, தவறா என்பது வேறு விவாதம். அதையொட்டி வீட்டில் எழும் கோரிக்கைதான் இங்கே பேச்சு. "தொடங்கும்போது ஆட்டம் நன்றாக ஓடுகிறது. முக்கால் மணி நேரத்தில் இழுக்க ஆரம்பித்துவிடுகிறது. புது கிராபிக்ஸ் கார்டு வேண்டும்" என்கிறான் பையன். கார்டு 20,000, 30,000 என்று போகிறது. குமாஸ்தா ஒருவரின் ஒரு மாதச் சம்பளம்!

இந்தச் செலவு பெரும்பாலும் வீண். கார்டுக்குச் சக்தி போதாதென்றால் முதல் நிமிடத்திலேயே ஆட்டம் திணற வேண்டும். நன்றாக ஓடிவிட்டுப் போகப் போகத் தளர்கிறதென்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது சூட்டைத்தான்.

சினிமாவில் விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஆட்டத்துக்கு 60 வேண்டுமென்கிறார்கள். அப்படியானால் ஒரு படத்தை வரைய விநாடியில் அறுபதில் ஒரு பங்கு நேரமே உண்டு. ஒளிபரப்பும் சேர்ந்தால், அதே படத்தைச் சுருக்கி அனுப்பும் வேலையும் அதே பெட்டியின் தலையில் விழுகிறது. சூடு ஏறுகிறது. பல பிராசஸர்கள் 95, 100 டிகிரியை நெருங்கியதும் கருகாமல் இருப்பதற்காகத் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தண்டவாளம் சரியில்லாத இடத்தில் டிரைவர் வண்டியை மெதுவாக ஓட்டுவதைப் போலத்தான். அதற்காக யாரும் புது என்ஜின் கேட்பதில்லை.

பத்தடி அறையில், கட்டிலுக்கடியில், சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது பெட்டி. காற்று எங்கிருந்து வரும்? விசிறியிலும் அதன் பின்னாலுள்ள தகடுகளிலும் தூசி கம்பளிபோல் படிந்திருக்கும். லேப்டாப் என்றால் மெத்தைமேல் வைத்து விளையாடுகிறார்கள். காற்றுத் துவாரமே அடைபட்டுப்போகிறது.

சூடுதானா என்று அறிய ஒரு காசும் செலவில்லை. ஆட்டம் தளர்ந்ததும் அதை மட்டும் மூடி, உடனே மறுபடி திறந்து பார்க்க வேண்டும். பழைய வேகம் வந்து நிலைத்தால் பழுது நினைவகத்தில். ஆட்டம் இடத்தைச் சிறுகச் சிறுக விழுங்கியிருக்கிறது. மறுபடி திறந்தும் மந்தமாகவே இருந்து, கால் மணி நேரம் அணைத்து வைத்த பிறகே வேகம் திரும்பினால், குற்றவாளி பெரும்பாலும் சூடுதான். பிறகு ஒளிபரப்பு இல்லாமல் ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்தால், ஒளிபரப்பின் பங்கு எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும்.

பலரும் ஒளிபரப்புக்குப் பயன்படுத்தும் ஓ.பி.எஸ். என்ற இலவச மென்பொருளிலேயே கணக்குப் பார்க்கும் சிறு ஜன்னல் ஒன்று உண்டு. படம் வரைவதில் தாமதமா, சுருக்குவதில் தாமதமா, இணைய இணைப்பில் விடுபட்டதா என்று தனித்தனியே எண்ணிக் காட்டுகிறது. மூன்றாவது எண் மட்டும் ஏறினால் கம்ப்யூட்டருக்கு நோயே இல்லை. ஆடுகிறவனுக்கு ஆட்டம் சரியாக இருக்கும், பார்க்கிறவர்களுக்குத்தான் தடுக்கும். இதற்குப் புது கார்டு என்ன செய்யும்?

பரிகாரம் எளிது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதி எடுக்கலாம். பெட்டியைச் சுவரிலிருந்து அரையடி தள்ளி வைக்கலாம். 60 படம் மட்டுமே காட்டவல்ல திரைக்கு 140 படம் வரைந்து தள்ளுவது வெறும் சூட்டுக்குத்தான். பல ஆட்டங்களில் 60-க்கு வரம்பு வைக்க வசதி இருக்கிறது. சுருக்கும் வேலையை பிராசஸரிடமிருந்து எடுத்து, கிராபிக்ஸ் சிப்பில் அதற்கென்றே உள்ள தனிப் பகுதிக்கு மாற்றலாம். பல ஆண்டுகளான பெட்டியில் பிராசஸர்மேல் பூசிய பசை காய்ந்திருக்கும். அதைப் புதிதாகப் பூச ஆகும் செலவு கார்டு விலையில் மிகச் சிறு பங்குதான். வாரண்டி இருந்தால் மட்டும் திறக்கும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

இத்தனைக்கும் பிறகு கார்டு வாங்கியே தீர வேண்டிய நிலையும் சிலருக்கு வரலாம். லேமிங்டன் ரோட்டில் நேர்மையான கடைக்காரர்கள் உண்டு. ஆனால் கடையில் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டுவதைப் பார்த்துப் பணத்தை எண்ணி வைக்கக்கூடாது. பழைய பெட்டியையே கொண்டுபோய், ஆட்டத்தையும் ஒளிபரப்பையும் சேர்த்து ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். மறுத்தால் அடுத்த கடை பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது.