கடுங்குளிர் அணுக்களும் நம் கடமையும்

உயர் அறிவியலைத் தமிழில் சொல்லவியலாது என்னும் கூற்று நம் செவிக்குப் புதிதன்று. அதைச் சொல்வோருள் பெரும்பாலார் தமிழரே என்பதுதான் வருந்தத்தக்கது. அண்மையில் பழங்காநத்தத்தில் எம் வீட்டுத் திண்ணையில், எம்மிடம் முன்பு தமிழ் பயின்று இப்போது இயற்பியலில் முதுகலை பயிலும் மாணவர் ஒருவரும் அதையே சொன்னார். சிறைப்பட்ட கடுங்குளிர் அணுக்கள் தம்முள் எவ்வாறு இடைவினை புரிகின்றன என்று கணக்கிடுவது அவர் எடுத்துக்கொண்ட பொருள். “இதைத் தமிழில் எப்படி ஐயா எழுதுவது?” என்றார். அவர்மேல் எமக்குச் சினமில்லை. விடை தரவேண்டியவர் நாமல்லவா?

பொருளை முதலில் பார்ப்போம். வெப்பத்தின் கீழெல்லை −273.15 செல்சியசுப் பாகை. இலேசர் என வழங்கும் சீரொளியால் அணுக்களின் விரைவைத் தணித்து, காந்தப் புலத்துள் சிறைப்படுத்தி, அவற்றுள் சூடு மிக்கவற்றை வெளியேற்றினால், எஞ்சியவை அவ்வெல்லையை நெருங்குகின்றன. 1995-இல் அமெரிக்காவின் கொலராடோவில் கார்னெல், வீமன் ஆகியோர் இரூபிடிய அணுக்களை, அவ்வெல்லைக்கு மேல் ஒரு பாகையின் நூறு கோடியில் ஏறத்தாழ 170 பங்கு என்னும் அளவிற்குக் குளிர்வித்தனர். அங்கே அணுக்கள் தனித்தனித் துகளாக இயங்கவில்லை. அலைகளாய் விரிந்து ஒன்றிக் கலந்து ஒரே பேரலையாயின. இதுவே போசு–ஐன்சுடைன் செறிநிலை.

இவ்வணுக்கள் ஒன்றையொன்று தள்ளும் அல்லது ஈர்க்கும். பல்லாயிரம் அணுக்களின் தள்ளலையும் ஈர்ப்பையும் இணை இணையாகக் கணக்கிட்டு முடியுமா? சித்திரை விழாவில் வையைக் கரைக் கூட்டத்துள் நிற்பவன் ஒவ்வொருவரையும் எண்ணியா நகர்கின்றான்? கூட்டத்தின் மொத்த நெருக்கத்திற்கேற்பவே நகர்கின்றான். அதுபோல ஒவ்வோர் அணுவும் ஏனையவற்றின் சராசரி அழுத்தத்தை உணர்வதாகக் கொண்டு, குரோசு, பித்தாயெவ்சுக்கி என்னும் இருவரும் 1961-இல் தனித்தனியே ஒரு சமன்பாட்டை அமைத்தனர். அணுவின் இயக்கம், சிறையின் வடிவம், அணுக்களின் இடைவினை ஆகிய மூன்றும் அதனுள் அடங்கும்.

இவ்விடைவினையின் வலிமையைக் குறிக்கும் அளவைக்குச் ‘சிதறல் நீளம்’ என்று அம்மாணவரிடம் உடனே ஒரு சொல் தந்தோம். “அது நேரெண்ணாகவும் இருக்கும், எதிரெண்ணாகவும் இருக்கும் ஐயா” என்றார் அவர். நீளம் எங்ஙனம் எதிரெண்ணாகும்? எமக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார்: நேரெண்ணாயின் அணுக்கள் தள்ளும், எதிரெண்ணாயின் ஈர்க்கும், ஈர்க்கும் அணுக்கள் ஓர் எண்ணிக்கையைக் கடந்தால் அணுமுகில் தன்னுள் இடிந்து விழும், காந்தப் புலத்தை மாற்றி இவ்வளவையையே கூட்டலாம், குறைக்கலாம். சொல்லைத் தந்தவர் யாம். பொருளைத் தந்தவர் அவர். பொருளறியாது சொல்லாக்கிய குற்றம் எம்முடையதே.

சிறையின் வடிவமும் இடைவினையை மாற்றும். அகன்ற வீதியில் ஒருவரை ஒருவர் விலகிச் செல்லலாம். ஒருவர் மட்டுமே நுழையும் சந்தில் அது நடவாது. அணுக்களைக் கோடுபோல் ஒடுங்கிய சிறையில் அடைத்து அவற்றின் தள்ளலை மிகுத்தால், ஒரே நிலையில் கூடியிருக்கும் இயல்புடைய அவ்வணுக்கள், ஒன்று நிற்குமிடத்தில் மற்றொன்று நில்லாத இனம்போல் நடந்துகொள்ளும். சிரார்தோ 1960-இல் கணக்கால் கண்ட இதனை, 2004-இல் செருமானியரும் அமெரிக்கரும் ஆய்வில் கண்டனர். அங்கே சராசரிக் கணக்கு உதவாது. வேறு கணக்கு வேண்டும்.

இவையெல்லாம் எங்கோ நடப்பவை என்று எண்ணற்க. திருச்சிராப்பள்ளிப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் முருகானந்தமும் பிரேசில் நாட்டில் பணியாற்றும் அதிகாரி என்னும் அறிஞரும், மேற்சொன்ன சமன்பாட்டைத் தீர்க்கும் கணிப்பொறி நிரல்களை 2009-இல் வெளியிட்டனர். பல நாட்டு ஆய்வர் அவற்றைக் கையாள்கின்றனர். தமிழ்நாட்டிலிருந்து கணிப்பொறிக்கு விளங்கும் மொழியில் எழுத முடிந்ததைத் தமிழ் மாணவர்க்கு விளங்கும் மொழியில் எழுத முடியாதென்பது என்ன ஏரணம்?

இந்நிலைக்குப் பெயர் தந்த சத்தியேந்திரநாத போசு வங்காளியர். 1924-இல் தாக்காவிலிருந்து அவர் ஆங்கிலத்தில் எழுதி விடுத்த கட்டுரையை ஐன்சுடைனே செருமானியத்தில் பெயர்த்து வெளியிடச் செய்தார். பேரறிஞர் ஒருவர் மொழிபெயர்ப்பை இழிவாகக் கருதவில்லை. போசும் தம் தாய்மொழியை மறக்கவில்லை. வங்கமொழியில் அறிவியலைப் பரப்ப 1948-இல் கழகம் கண்டு, திங்களிதழும் நடத்தினார். உலகறிந்த அறிவியலறிஞர்க்குத் தம் மொழி தடையாகத் தோன்றவில்லை. நமக்கு மட்டும் ஏன் தோன்றவேண்டும்?

முழக்கம் மட்டும் போதாது. தமிழாசிரியரும் இயற்பியலாசிரியரும் ஒரே பலகையில் அமரவேண்டும். ஒருவர் பொருள் சொல்ல, மற்றவர் வினவ, விளங்கிய பின்னரே சொல் பிறக்கவேண்டும். மதுரைக் கல்லூரி ஒவ்வொன்றும் ஆண்டிற்கு ஒரு பதினாறு பக்கச் சுவடியேனும் இவ்வாறு ஆக்கித் தரட்டும். எம் திண்ணையில் அவ்வேலை தொடங்கிவிட்டது. காரிக்கிழமைதோறும் அம்மாணவர் வருகின்றார்; அவர் சொல்ல, யாம் கேட்டு எழுதுகின்றோம். அன்பர்களே, உங்கள் ஊரிலும் திண்ணைகள் உண்டு; தொடங்குக!