நம் கொழுந்தை அரைத்தால் மாட்சா வருமா?

கேள்வி: ‘‘எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. கோவையில் படிக்கும் மகள், ஐஸ் போட்ட பழ மாட்சா ஒரு டம்ளர் 250 ரூபாய்க்குக் குடித்ததாகச் சொல்கிறாள். ஃபேக்டரியில் பச்சைத் தேயிலைக்குக் கொடுக்கும் விலையை நினைத்தால் வயிறு எரிகிறது. நம் கொழுந்தையே காயவைத்து மிக்ஸியில் அரைத்தால் அந்தப் பொடி வராதா? வீட்டில் அதைச் செய்வது எப்படி?’’

- கோத்தகிரி பகுதி வாசகி

பதில்: முதலில் பொடி விஷயம். அதில்தான் உங்கள் பணம் இருக்கிறது.

செடி ஒன்றுதான், சகோதரி. வளர்க்கும் விதம் வேறு. ஜப்பானில் ஊஜி, நிஷியோ போன்ற ஊர்களில், பறிப்பதற்கு மூன்று வாரத்துக்கு முன்பே தோட்டத்துக்கு மேல் பந்தல் போட்டு வெயிலை மறைத்துவிடுவார்கள். நிழலில் இலை கரும்பச்சையாகிறது, துவர்ப்பு குறைகிறது. பறித்த அன்றே ஆவியில் காட்டி, உருட்டாமல் காயவைத்து, காம்பையும் நரம்பையும் நீக்குவார்கள். பிறகு கல் எந்திரத்தில் அரைப்பார்கள். ஒரு எந்திரம் மணிக்கு 40 கிராம் கொடுத்தால் பெரிது. விலை எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரியும்.

மிக்ஸி பிளேடு சூட்டில் நிறம் மங்கும். பொடியும் நாக்கில் மணலாக நெருடும். இன்னொன்று, இதில் இலையையே விழுங்குகிறோம். மருந்து அடித்த தோட்டத்து இலையை அரைத்துக் குடிப்பது வேண்டவே வேண்டாம். நிழல்வலைக்குக் கடன் வாங்கவும் அவசரப்படாதீர்கள். வாங்குபவர் யார் என்று தெரியாமல் வலை கட்டினால், செடியும் சோரும், கையும் கடிக்கும்.

மருந்து படாத பத்துச் செடி இருந்தால் வேறு வழி உண்டு. இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகக் கிள்ளி, இட்லிப் பானையில் ஒரு நிமிடம் ஆவி காட்டுங்கள். விசிறி ஆறவைத்து, கையால் உருட்டி, இரும்புச் சட்டியில் சிறு தீயில் மொறுமொறுவென்று ஆகும்வரை பிரட்டுங்கள். இது மாட்சா அல்ல. நல்ல கிரீன் டீ. குளிர்ந்த தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்து வடித்தால், பழச்சாற்றோடு அருமையாகச் சேரும்.

மகளுக்கு மாட்சாவேதான் வேண்டும் என்றால், 30 கிராம் டப்பா ஒன்று வாங்குங்கள். சர்க்கரை, பால் பவுடர் கலந்த ‘மிக்ஸ்’ வேண்டாம். பின்பக்கம் படித்துப் பார்த்து வாங்குங்கள். பழுப்பேறியிருந்தால் பழைய சரக்கு.

ஒரு டம்ளருக்கு 2 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன் போதும். முதலில் வடிகட்டியில் சலித்துவிடுங்கள். சலிக்காவிட்டால் கட்டி கரையவே கரையாது. கொதிநீரை அப்படியே ஊற்றினால் கசக்கும். மூன்று பங்கு கொதிநீருக்கு ஒரு பங்கு பச்சைத் தண்ணீர் கலந்தால் சூடு சரியாக இருக்கும். அதில் கால் டம்ளர் ஊற்றி, சின்ன மத்தால் நுரை வரக் கடையுங்கள். மூங்கில் துடைப்பான் வாங்கச் சொல்லி மகள் கேட்பாள். நம் மத்து போதும்.

நன்கு பழுத்த மாம்பழக் கூழ் நான்கு ஸ்பூன் டம்ளரின் அடியில், அதன்மேல் ஐஸ், அரை டம்ளர் குளிர்ந்த பால், கடைசியாக மாட்சாவை ஐஸ்கட்டி மேல் மெதுவாக ஊற்றுங்கள். இனிப்பான கூழ் கனமாக இருப்பதால் அடியிலேயே நிற்கும். மஞ்சள், வெள்ளை, பச்சை என்று அடுக்காகத் தெரியும். ஸ்ட்ராபெர்ரி என்றால் நறுக்கிச் சர்க்கரை தூவி அரை மணி நேரம் வையுங்கள், சாறு தானே விடும். பிளம்ஸ், பேஷன் ஃப்ரூட் புளிப்பில் பால் திரியும். அவற்றுக்குப் பாலுக்குப் பதில் தண்ணீர்தான். பச்சை அன்னாசி பாலைக் கசக்க வைக்கும், அதையும் தவிருங்கள். ஐஸைக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் வையுங்கள்.

மீதப் பொடியைக் காற்றுப் புகாமல் ஃப்ரிட்ஜில் வைக்கலாம். எடுத்தவுடன் திறக்காமல், டப்பாவின் குளிர் விட்டபின் திறங்கள். இல்லாவிட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும்.

மகளுக்கு ரத்தசோகை இருந்தால் சாப்பாட்டோடு இதைக் கொடுக்காதீர்கள். கீரை, கேழ்வரகில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தேயிலை தடுக்கும். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே கணக்குதான். காபியில் இருப்பதுபோல் இதிலும் கஃபீன் உண்டு. இரவில் குடித்தால் தூக்கம் கெடும்.