கையைத் தட்டி விடாதீங்க!

என் தங்கை மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்பது, ஒன்றேகால் வயதில்தான் தெரிந்தது. காது மிஷின் மாட்டி, பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போனோம். அங்கே போட்ட முதல் கண்டிஷன், 'வீட்டில் யாரும் ஜாடை காட்டாதீங்க. கையால் பேசிப் பழகினால், வாயால் பேச மாட்டான்' என்பதுதான்.

தங்கை அதை வேதவாக்காக எடுத்துக் கொண்டாள். பிள்ளை தண்ணீர்ச் செம்பைப் பார்த்துக் கையை நீட்டினால், அந்தக் கையைப் பிடித்து இறக்கி, 'தண்ணின்னு சொல்லு' என்பாள். காதே கேட்காத பிள்ளை எதைச் சொல்லும்? தரையில் தலையை மோதிக் கொண்டு அழும். ஒருநாள் நானும் அவன் கையைத் தட்டி விட்டேன். இன்று நினைத்தாலும் நெஞ்சு உறுத்துகிறது.

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் தம்பதி, இருவருமே காது கேளாதவர்கள். அவர்கள் மகளுக்குக் காது நன்றாகவே கேட்கும். பத்து மாதத்திலேயே அந்தக் குட்டி கையால் பால் கேட்கும். போதும் என்று சொல்லும். இரண்டு வயதில், பாட்டியிடம் வாய் ஓயாத பேச்சு! கை பேசினால் வாய் அடைத்துப் போகும் என்பது நிஜமானால், அவளுக்கல்லவா முதலில் அடைத்திருக்க வேண்டும்?

அந்தத் தையல்காரப் பெண்ணிடமே தங்கையை அழைத்துப் போனேன். நோட்டில் எழுதிக் காட்டித்தான் எங்களுக்குள் பேச்சு. தண்ணீர், பால், சோறு, வலி, தூக்கம் என்று பத்து வார்த்தைகளில் ஆரம்பித்தோம். மூன்றாவது வாரம், பையன் தானாகவே 'தண்ணீர்' என்று கை காட்டினான். தங்கை அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்து விட்டாள். பாவம், பிள்ளைக்கு நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

இந்தத் தடை எங்கிருந்து வந்தது என்று தேடினால், 1880ல் இத்தாலியில், மிலான் நகரில் கூடிய ஆசிரியர்கள் மாநாட்டில் போய் நிற்கிறது. வந்தவர்களில் பெரும்பாலோர் காது கேட்பவர்கள். சைகை வேண்டாம், பேச்சு முறையே உசத்தி என்று தீர்மானம் போட்டார்கள். 2010ல் கனடாவில், வான்கூவரில் கூடிய அதே மாநாடு, அதைத் தள்ளிவிட்டு வருத்தமும் தெரிவித்தது. 130 வருஷம் கழித்து! நம் ஊருக்கு அந்தத் தகவல் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை போலும்.

மிஷினையோ, பேச்சுப் பயிற்சியையோ விட்டுவிடச் சொல்லவில்லை. காக்ளியர் கருவி பொருத்துகிற ஆபரேஷனுக்கும் நாங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஆனால், ஆபரேஷன் முடிந்தாலும் மாசக் கணக்கில், வருஷக் கணக்கில் பயிற்சி இருக்கிறது. அதுவரை பசி, வலி சொல்லக்கூட மொழி இல்லாமல் பிள்ளை காத்திருக்கணுமா? மொழி வேர் பிடிப்பதே முதல் சில வயதில்தானே!

டில்லியில் 2015ல் துவங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம், 2021ல் 10,000 சொற்கள் கொண்ட அகராதி வெளியிட்டது. வீடியோவாக, போனிலேயே இலவசமாகப் பார்க்கலாம். சீரியல் பார்க்கிற நேரத்தில் கால் மணி ஒதுக்கினால் போதும். ஆனால், வீட்டில் எல்லாருமே பழக வேண்டும். அம்மா மட்டும் பழகினால், அவள் கடைக்குப் போன நேரத்தில் பிள்ளை யாரிடம் பேசும்?

'நாலு பேர் பார்த்தா ஊமைன்னு சொல்லுவாங்க' என்று, தங்கையின் மாமியார் மட்டும் பிடிவாதமாக இருந்தார். போன வாரம் அடுப்படியில் யாரும் இல்லாத நேரம் பார்த்து என்னிடம் வந்து, 'சோறு வேணுமான்னு எப்படிம்மா கேக்கணும்?' என்றார். சொல்லிக் கொடுத்தேன்.

— ஒரு வாசகி, திண்டுக்கல்.