கடைமடை காணாத கருணை

குற்றாலத்தில் அருவி கொட்டுகிறது. கண்டு களிக்கக் கூட்டம் கூடுகிறது. மேலகரத்து உழவனைக் கேளுங்கள் தோழர்களே! அருவியின் அழகை அவன் பேசமாட்டான். சிற்றாற்று நீர் குளம் சேர்ந்ததா, கடைமடைக்குப் பாய்ந்ததா என்றே கேட்பான். போரிலே புழுங்கும் அயல்நாட்டு மக்களுக்கு உதவி அனுப்புக என ஊர் கூடி முழங்கும்போதெல்லாம், நாமும் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

"உள்ளூரிலே பஞ்சை பராரிகள் இருக்க, அயல்நாட்டுக்கு அரிசியா?" என்பார் உளர். எள்ளி நகையாடத்தக்க கேள்வியன்று அது. ஆனால் இங்குள்ள ஏழைக்கு வாக்குச்சீட்டு உண்டு. தட்டிக் கேட்க மன்றம் உண்டு. முற்றுகையில் சிக்கிய குழந்தைக்கு அடுத்த வேளைக் கஞ்சி இல்லையேல், அடுத்த தேர்தல் வந்து என்ன பயன்? உதவுவது அறமே, ஐயமில்லை.

அனுப்பியதோடு அறம் முடிந்ததா?

1987 ஜூன் 3. யாழ்ப்பாணத்து மக்களுக்காக உணவும் மருந்தும் சுமந்து இராமேசுவரத்திலிருந்து படகுகள் புறப்பட்டன. இலங்கைக் கடற்படை மறித்தது, படகுகள் திரும்பின. மறுநாள் இந்திய விமானங்கள் சுமார் 25 டன் பொருள்களை வானிலிருந்து போட்டன. தமிழகம் களித்தது, கொழும்பு கொதித்தது. ஆயினும், ஒரு குடாநாட்டின் பசிக்கு 25 டன் எம்மாத்திரம்? அது உணவு என்பதைவிட, எச்சரிக்கை என்பதே பொருத்தம்.

2009. ஐரோப்பியத் தமிழர்கள் திரட்டிய 884 டன் பொருளுடன் 'வணங்காமண்' கப்பல் வந்தது. வருமுன்னரே போர் முடிந்தது. எஞ்சிய மக்கள் முள்வேலி முகாம்களிலே! கப்பலை இலங்கை திருப்பியது. சென்னைக்கு வந்த சரக்கு, வேறு கப்பல் ஏறிக் கொழும்பை அடைந்து, துறைமுகத்திலே மாதக்கணக்கில் முடங்கிற்று. கொடுத்தவர் கரம் சலிக்கவில்லை. வாங்கவேண்டியவர் கரமோ வெறுங்கரம்!

மருந்துக்கும் குழந்தைகளின் உணவுக்கும் வழிவிடுக என்கிறது 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை. ஏட்டிலே உள்ள அந்த வழியை நாட்டிலே திறக்க வைப்பது எது? மக்கள் கருத்தின் வலிமையன்றோ!

ஆகவே, உண்டியல் நிரம்பியதும் மாலை சூடிக் கலையும் கூட்டமாக நாம் இருத்தல் ஆகாது. எவ்வழியே சென்றது? எவர் கையால் வழங்கப்பட்டது? எத்தனை பேர் உண்டனர்? விடை வரும்வரை கேட்போம். ஆளுவோர் நம்மவராயினும் கேட்போம்!