போடாத வாக்கின் கணக்கு

கலிஃபோர்னியாவின் கெர்ன் கவுண்டியில் எண்ணெய்க் கிணறுகள் ஊருக்கு வெளியே மட்டும் இல்லை. வீட்டுக் கொல்லைக்குப் பின்னால், பள்ளிக்கூட விளையாட்டுத் திடலை ஒட்டி, இரவும் பகலும் தலையாட்டி இறைத்துக்கொண்டிருக்கும் இயந்திரங்களை அங்கே பார்க்கலாம். லாஸ் ஏஞ்சலஸ் மாநகருக்குள் வில்மிங்டன் போன்ற பகுதிகளிலும் இதே நிலைதான். அருகே குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் உழைத்துப் பிழைக்கும் லத்தீனோ, கறுப்பினக் குடும்பங்கள். பிள்ளைகளின் ஆஸ்துமாவையும் அடிக்கடி வரும் தலைவலியையும் அவர்கள் ஆண்டுக்கணக்கில் எடுத்துச் சொல்லி வந்தார்கள். கேட்டது ஒன்றே ஒன்று: புதிதாகத் தோண்டுவதென்றால் வீட்டையும் பள்ளியையும் விட்டுத் தள்ளித் தோண்டுங்கள்.

அதற்கான மசோதா 2020 ஆகஸ்டில் மாநில செனட்டின் இயற்கை வளக் குழுவுக்கு வந்து, அங்கேயே செத்தது. 2021 ஏப்ரலில் வேறு வடிவில் மீண்டும் அதே குழுவுக்கு வந்தது. ஒன்பது பேர் கொண்ட குழுவில் ஐந்து வாக்குகள் தேவை, நான்குதான் கிடைத்தன. எதிர்த்து வாக்களித்தவர்களோ மூன்றே பேர். மிச்சமிருந்தவர்கள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இரண்டு முறையும் அந்தக் குழுவில் பெரும்பான்மை ஜனநாயகக் கட்சியிடம்தான் இருந்தது. பருவநிலையைக் காப்போம் என்று மேடைதோறும் பேசும் கட்சி அது.

இந்த வாய்திறவாமைதான் இன்று அமெரிக்க மாநில அரசியலில் சூழலியலாளர்களுக்குப் பெரிய தலைவலி. வெளிப்படையாக எதிர்த்து வாக்களிப்பவரைப் பெயர் சொல்லிக் கேட்கலாம். வாக்கே போடாதவரை எப்படிக் கேட்பது?

பெயர் சொல்லிக் கேட்கும் பழக்கத்துக்கு அங்கே அரை நூற்றாண்டு வயது. 1970-இல் முதல் புவி நாளை ஒருங்கிணைத்தவர்கள் சூழலுக்குப் பகையான பன்னிரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்து, ‘அழுக்குப் பன்னிருவர்’ என்று பட்டம் கட்டித் தேர்தலில் எதிர்த்தார்கள். அந்தப் பன்னிருவரில் ஏழு பேர் தோற்றார்கள். அவர்களில் பால்டிமோரின் ஜார்ஜ் ஃபாலன் சாதாரண ஆள் இல்லை. கால் நூற்றாண்டாக உறுப்பினர், பொதுப்பணிக் குழுவின் தலைவர். உட்கட்சித் தேர்தலிலேயே பால் சார்பேன்ஸ் என்ற இளம் வழக்கறிஞரிடம் அவர் வீழ்ந்தார். அதே ஆண்டில்தான் இயற்கைப் பாதுகாப்பு வாக்காளர் கழகம் என்ற அமைப்பு பிறந்தது. முக்கியமான மசோதாக்களைப் பொறுக்கியெடுத்து, ஒவ்வொரு உறுப்பினரும் அவற்றில் எப்படி வாக்களித்தார் என்று பார்த்து, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு வெளியிடுவது அதன் வேலை. விரைவிலேயே கலிஃபோர்னியா, ஓரிகன் என்று மாநிலங்களிலும் இதே போன்ற கழகங்கள் எழுந்தன.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு விளக்கம் தேவைப்படும். நம் சட்டமன்றங்களில் மசோதாக்கள் பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. எந்த உறுப்பினர் என்ன சொன்னார் என்பதற்குத் தடயமே இருக்காது. பெயர் பதிவானாலும் கட்சிக் கொறடாவை மீறினால் பதவி பறிபோகும். 1985-இன் கட்சித் தாவல் தடைச் சட்டம் அப்படி. அமெரிக்க மாநிலங்களில் அந்தக் கட்டாயம் இல்லை. கட்சி ஒன்று சொல்ல, உறுப்பினர் வேறொன்று செய்யலாம். பெரும்பாலான மாநிலங்களில், இறுதி வாக்கெடுப்பில் யார் எந்தப் பக்கம் என்பது பெயருடன் பதிவாகும். அதனால்தான் அங்கே உறுப்பினரின் வாக்கு அவருடைய சொந்த வாக்கு. அதற்கு அவரே பதில் சொல்லியாக வேண்டும்.

ஆனால் பதிவாகும் என்று தெரிந்ததுமே பதிவாகாமல் இருக்கும் வழிகளும் தேடப்பட்டன.

கலிஃபோர்னியாவில் ஒரு மசோதா நிறைவேற அவையில் இருப்பவர்களின் பெரும்பான்மை போதாது. மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும். 80 பேர் கொண்ட கீழவையில் 41, 40 பேர் கொண்ட செனட்டில் 21. எனவே நடைவெளியில் போய்க் காப்பி குடித்துவிட்டு வருவதும் எதிர்த்து வாக்களிப்பதும் கணக்கில் ஒன்றுதான். பதிவேட்டில் மட்டும் ‘வாக்கு பதிவாகவில்லை’ என்று இருக்கும். கால்மேட்டர்ஸ் என்ற லாப நோக்கற்ற செய்தி நிறுவனம் 2017-க்குப் பிறகு பதிவான பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளை அலசிப் பார்த்தது. ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் ‘இல்லை’ என்று வாக்களித்தது சராசரியாக நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. எல்லாவற்றையும் ஆதரிக்கிறார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பிடிக்காத மசோதாவை, வாக்கெடுப்புக்கு வருமுன்பே காணாமல் போகச் செய்துவிடுகிறார்கள் என்பதே பொருள்.

2015-இல் நடந்தது இதற்குச் சரியான சான்று. 2030-க்குள் மாநிலத்தின் வாகன எரிபொருள் பயன்பாட்டைப் பாதியாகக் குறைக்கும் பிரிவு ஒன்றுடன் ஒரு மசோதாவை செனட் நிறைவேற்றி அனுப்பியது. ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அதன் பக்கம் நின்றார். எண்ணெய் நிறுவனங்கள் பெரும் பணத்தை விளம்பரத்தில் கொட்டின. கீழவையில் ஆளுங்கட்சியிலேயே ஒரு பிரிவு பின்வாங்கியது. செப்டம்பரில் பிரவுனும் செனட் தலைவர் கெவின் டி லியோனும் அந்தப் பிரிவைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். மிஞ்சிய மசோதா நிறைவேறியது. அதற்கு ஆதரவாக வாக்களித்தவர்கள் சூழல் நண்பர்களாகப் பதிவேட்டில் நிற்கிறார்கள். எரிபொருள் பிரிவைக் கொன்றவர்கள் யார்? கீழவை வாக்கெடுப்பு அதன் மீது நடக்கவே இல்லையே.

இன்னொரு வழி, ஒத்திவைப்புக் கோப்பு. மாநிலக் கருவூலத்துக்குக் குறிப்பிட்ட தொகைக்கு மேல் செலவு வைக்கும் எந்த மசோதாவும் நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் இந்தக் கோப்புக்குள் போகும். ஆண்டுக்கு இரண்டு முறை கோப்பைத் திறந்து நூற்றுக்கணக்கான மசோதாக்களின் தலைவிதியைக் குழுத் தலைவர் சில மணி நேரத்தில் வாசித்து முடிப்பார். இது போகலாம், இது நிற்கட்டும். நிற்கட்டும் என்றால் அதோடு சரி. விவாதம் கிடையாது, காரணம் சொல்ல வேண்டியதில்லை, நிறுத்தப்பட்டதற்கு யாருடைய வாக்கும் பதிவாகாது. மக்களாட்சி என்ற சொல்லுக்குள் இப்படியோர் இருட்டறை இருப்பதை ஏற்க முடியவில்லை.

மதிப்பெண் பட்டியலின் பலவீனமும் இங்கேதான் தெரிகிறது. அது இறுதி வாக்கை எண்ணுகிறது. குழுவில் ஒரு மசோதாவின் பல்லைப் பிடுங்கிவிட்டு, பல்லில்லாத அந்த மசோதாவுக்கு அவையில் கைதூக்கும் உறுப்பினரும் நூற்றுக்கு நூறு வாங்கிவிடலாம். காரணமில்லாமல் வராமல் போனால் அதையும் எதிர்வாக்காகவே எழுதும் வழக்கம் கழகத்தின் தேசியப் பட்டியலில் உண்டு. அது சரியான வழக்கம். மாநிலங்களிலும் குழு வாக்குகளையும் வாக்களிக்காமையையும் இதே கண்டிப்போடு எண்ண வேண்டும். ஏனென்றால் மறுபக்கம் எண்ணத் தயங்குவதில்லை. கலிஃபோர்னிய வர்த்தக சபை ‘வேலை பறிக்கும் மசோதாக்கள்’ என்று தன் பங்குக்கு ஒரு பட்டியலை ஆண்டுதோறும் பல காலமாக வெளியிட்டு வந்தது. அதிலும் சூழல் மசோதாக்கள் நிறையவே இருக்கும். உறுப்பினர்கள் இரண்டு பட்டியல்களையும் பார்த்துத்தான் பொத்தானை அழுத்துகிறார்கள், அல்லது அழுத்தாமல் இருக்கிறார்கள்.

கெர்ன் கவுண்டிக் குடும்பங்கள் விடவில்லை. 2022 ஆகஸ்ட் கடைசி இரவில், கூட்டத்தொடர் முடியும் நேரத்தில், வீடு, பள்ளி, மருத்துவமனைகளிலிருந்து 3,200 அடிக்குள் புதிய கிணறு கூடாது என்ற சட்டம் நிறைவேறியது. எண்ணெய்த் துறை கையெழுத்து வேட்டை நடத்திச் சட்டத்தை நிறுத்திவைத்து, 2024 தேர்தலில் பொதுவாக்கெடுப்புக்கு விட ஏற்பாடு செய்தது. பிறகு 2024 ஜூனில் தானே பின்வாங்கியது. சட்டம் அமலுக்கு வந்தது. ஆனால் அடுத்த ஆண்டு செப்டம்பரிலேயே, கெர்ன் கவுண்டியில் ஆண்டுக்கு 2,000 புதிய கிணறுகள் வரை அனுமதிக்க வழிவிடும் மசோதாவை அதே சட்டமன்றம் நிறைவேற்றியது. 2022-இல் கைதூக்கியவரின் பெயரை 2025-இன் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க யாராவது இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

வாக்கைத் தவிர்ப்பதில் எல்லை தொட்ட மாநிலம் ஓரிகன். 2019 ஜூன் 17 அன்று, கரிம உமிழ்வுக்கு உச்சவரம்பு விதிக்கும் மசோதாவைக் கீழவை 36-க்கு 24 என்று நிறைவேற்றியது. செனட்டில் ஜனநாயகக் கட்சிக்கு 18 பேர், குடியரசுக் கட்சிக்கு 11 பேர், ஓரிடம் உறுப்பினர் இறந்ததால் காலி. வாக்கு நடந்தால் மசோதா நிறைவேறும் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் ஓரிகனில் அவை கூடவே மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 20 பேர் வேண்டும். குடியரசுக் கட்சியின் 11 பேரும் அவையை விட்டு மட்டுமல்ல, தலைநகர் சேலத்தை விட்டே கிளம்பினார்கள். பலர் மாநில எல்லையைத் தாண்டி ஐடஹோவுக்குப் போய்விட்டார்கள்.

வெளிநடப்பு என்ற சொல் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஆனால் நம் அரசமைப்பில் பத்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் இருந்தாலே அவை நடக்கும். வெளியே போனவர்கள் தங்கள் எதிர்ப்பைத்தான் பதிவு செய்கிறார்கள், அவையை நிறுத்துவதில்லை. ஓரிகனில் 11 பேர் வெளியே போனால் அவையே இல்லை. ஆளுநர் கேட் பிரவுன் அவர்களைத் திரும்பக் கொண்டுவர மாநிலக் காவல்துறையை ஏவினார். ஆளுக்கு நாளொன்றுக்கு 500 டாலர் அபராதம் என்றார்கள். ஆயுதக் குழுக்களின் மிரட்டலால் ஒரு சனிக்கிழமை சட்டமன்றக் கட்டடத்தையே மூட நேர்ந்தது. கடைசியில் ஜூன் 25 அன்று செனட் தலைவர் பீட்டர் கோர்ட்னி எழுந்து, மசோதாவுக்குத் தேவையான வாக்குகள் இல்லை என்று அறிவித்தார். அதாவது, ஆளுங்கட்சியிலும் சிலர் எதிர்ப்பாக இருந்தார்கள். எதிர்க்கட்சி திரும்பியது, மசோதா குழுவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. 2020-இல் அதே மசோதா புது வடிவில் வந்தது, அதே வெளியேற்றம் நடந்தது, கூட்டத்தொடரே முடங்கியது.

வாக்காளர்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 2022 நவம்பரில் அரசமைப்பையே திருத்தினார்கள்: அனுமதியின்றிப் பத்து நாளோ அதற்கு மேலோ அவைக்கு வராதவர் அடுத்த முறை பதவி வகிக்கத் தகுதியற்றவர். நூற்றுக்கு 68 பேர் ஆதரித்தார்கள். மறு ஆண்டே, கருக்கலைப்பு, துப்பாக்கிக் கட்டுப்பாடு போன்ற மசோதாக்களை எதிர்த்து ஆறு வாரம் வராமல் இருந்த பத்து செனட்டர்கள் இந்தப் பிரிவில் மாட்டினார்கள். திருத்தத்தின் சொற்கள் குழப்பமானவை, எங்களுக்கு இன்னும் ஒரு முறை வாய்ப்பு உண்டு என்று வழக்காடினார்கள். வாக்களித்த மக்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டார்களோ அதுவே பொருள் என்று 2024 பிப்ரவரி 1 அன்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் அவர்களில் டென்னிஸ் லின்திகமின் இடத்தில் அவர் மனைவி டயான் நின்றார். ஆர்ட் ராபின்சனின் இடத்தில் மகன் நோவா நின்றார். இருவரும் வென்றார்கள். ஆளை விலக்கலாம், தொகுதியின் விருப்பத்தை விலக்க முடியாது, விலக்கவும் கூடாது. அந்தத் தொகுதிகளின் வாக்காளர்கள் தெரிந்தே தேர்ந்தெடுத்திருந்தால் அது அவர்கள் உரிமை. அந்தத் தெரிவுக்கு வாக்குப் பதிவேடு வேண்டும் என்பதுதான் விஷயம்.

உமிழ்வுக் கட்டுப்பாடு என்னவாயிற்று? 2020 மார்ச்சில் ஓரிகன் ஆளுநர் கேட் பிரவுன் நிர்வாக ஆணை பிறப்பித்தார். அதன்படி மாநிலச் சுற்றுச்சூழல் தரத்துறை 2021 டிசம்பரில் விதிகளை வகுத்தது. எரிவாயு நிறுவனங்கள் வழக்குத் தொடுக்க, நடைமுறைப் பிழையைக் காட்டி 2023 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதிகளை ரத்து செய்தது. துறை மீண்டும் முதலிலிருந்து ஆரம்பித்து 2024 நவம்பரில் புதிய விதிகளைக் கொண்டுவந்தது: புதைபடிவ எரிபொருள் உமிழ்வை 2035-க்குள் பாதியாக்க வேண்டும், 2050-க்குள் 90 சதவீதம் குறைக்க வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் போயிற்று. அந்த விதிகளில் எந்த செனட்டரின் கைச்சாத்தும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. 2019 ஜூனில் வாக்கெடுப்பு நடந்திருந்தால் மசோதா தோற்றிருக்கவும் கூடும். தோற்றிருந்தாலும் 29 பெயர்களுக்கு எதிரே ஆம், இல்லை என்று எழுதியிருக்கும். அடுத்த தேர்தலில் வாசலுக்கு வந்தவரிடம் ஓரிகன்காரர்கள் அதைக் காட்டிக் கேட்டிருப்பார்கள்.