குருகு சாட்சி சொல்லணும்

இயற்கை விவசாயக் கூட்டங்களில் நாம் கை காட்டும் புத்தகங்கள் பெரும்பாலும் பஞ்சகவ்யம், மண்புழு, மூடாக்கு பற்றியவை. அவை வேண்டியதுதான். அவற்றோடு இன்னும் இரண்டு புத்தகங்களை நம்ம ஆட்கள் படிக்கணும் என்பது என் கருத்து. ஒன்று ரேச்சல் கார்சன் 1962-இல் எழுதிய 'மௌன வசந்தம்'. இன்னொன்று நம் குறுந்தொகை. அணுகுண்டுக் காலத்துப் புத்தகத்துக்கும் காதல் பாட்டுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது.

கார்சன் எழுதிய காலத்தில் வல்லரசுகள் வான்வெளியில் அணுகுண்டு வெடித்துச் சோதித்துக்கொண்டிருந்தன. அதில் வந்த ஸ்ட்ரான்சியம்-90 மழையோடு மண்ணில் இறங்கியது. புல்லில் ஏறி, மாட்டுப் பாலில் கலந்து, சுண்ணாம்புச் சத்தைப் போலவே பிள்ளைகளின் எலும்பில் போய் உட்கார்ந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1958 முதல் பிள்ளைகளின் பால்பற்களைச் சேகரித்துச் சோதித்து இதைக் காட்டினார்கள். வான்வெளிச் சோதனைக்குத் தடை ஒப்பந்தம் 1963-இல் வந்தது. ஆனால் இறங்கியது இறங்கியதுதான். அது பாதியாகக் குறையவே சுமார் 29 வருஷம். மிச்சத்தில் பாதி குறைய இன்னொரு 29 வருஷம். வங்கியில் எத்தனையோ கடன் தள்ளுபடி பார்த்தாச்சு. இந்தக் கடனுக்குத் தள்ளுபடியே கிடையாது.

பூச்சிக்கொல்லியும் இப்படித்தான் உயிருக்கு உயிர் ஏறிப் போகிறது என்றார் கார்சன். கலிபோர்னியாவின் கிளியர் ஏரியில் கொசு மாதிரி ஒரு சின்னப் பூச்சியை ஒழிக்க டி.டி.டி. மருந்தைக் கொஞ்சமாகத்தான் கலந்தார்கள். நுண்ணுயிரில் ஏறி, மீனில் கூடி, மீன் தின்ற முக்குளிப்பான் பறவையின் கொழுப்பில் அது பல்லாயிரம் மடங்காக நின்றது. பறவைகள் கூட்டமாகச் செத்தன.

கூடங்குளம் அணு உலையை எதிர்த்து 2011-இல் இடிந்தகரை மக்கள் உட்கார்ந்தபோது அவர்களுக்கு இருந்த பயமும் மீனைப் பற்றியது, பிள்ளைகளைப் பற்றியதுதான்.

இப்போ குறுந்தொகைக்கு வாங்க. கபிலர் பாடிய 25-ஆவது பாட்டு. காதலன் கைவிட்டுவிடுவானோ என்று ஒரு பெண் கலங்குகிறாள். அவர்கள் கூடியதற்குச் சாட்சி சொல்ல மனுஷர் யாரும் இல்லை. அங்கே நின்றது ஒரு குருகு. அதுவும் ஆரல் மீன் மேலேயே கண்ணாக இருந்தது.

தமிழாசிரியர் இதில் பெண்ணின் துயரத்தைக் காட்டுவார். விவசாயி இன்னொன்றையும் பார்க்கணும். குருகு நிற்கிறது என்றால் ஆரல் இருக்கிறது. ஆரல் சேற்றில் புதைந்து வாழும் மீன். சேறு விஷமானால் ஆரல் இல்லை, குருகு இல்லை, அந்தப் பெண்ணுக்குச் சாட்சியும் இல்லை. நம் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளும் திருப்பாவையில் மழை கேட்கும்போது செந்நெல் வயலுக்குள் மீன் துள்ளுவதைத்தான் காட்டுகிறாள். அவளுக்கு வயல் வேறு, மீன் வேறு இல்லை.

"நெல்லுக்கு விலை இல்ல, இதுல காதல் பாட்டா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் மகசூல் கணக்கை மட்டும் பார்த்துத்தானே மருந்துக் கடைக்குப் போனோம்? மண்ணில் எது எது இருக்கணும் என்ற பழைய கணக்கு அகப்பாட்டில் இருக்கிறது. அது எப்படி அழிகிறது என்ற கணக்கு கார்சனிடம் இருக்கிறது. வரவும் செலவும் சேர்த்துப் பார்த்தால்தான் பேரேடு.

அடுத்த பயிற்சிக் கூட்டத்தில் ஒரு பாட்டைப் படிப்போம். பிறகு பக்கத்துக் கண்மாய்க் கரையில் நடந்து, என்ன மீன், என்ன பறவை என்று நோட்டில் எழுதுவோம். வருஷா வருஷம் எழுதுவோம். மருந்தை விட்ட ஊரில் அந்தப் பட்டியல் நீளணும். சான்றிதழ் யார் கொடுத்தாலும் எனக்குக் குருகு வந்து நிற்கணும்.