வெந்நீரிலும் சுருங்காத விசுவாசம்



சில வாரங்களுக்கு முன், மாலை ஜெபக்கூட்டம் முடிந்து விளக்குகளை அணைக்கும் வேளையில், நம் சபையின் சகோதரி ஒருவர் தயங்கியபடி என்னிடம் வந்தார். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு காணொளியைக் காட்டினார். யுத்தங்களையும் பூமியதிர்ச்சிகளையும் வரிசைப்படுத்தி, தானியேலின் வாரங்களைக் கூட்டிக் கழித்து, ஆண்டவரின் வருகைக்கு ஒருவர் அதில் நாள் குறித்திருந்தார். "ஐயா, இது மெய்யா? மெய்யென்றால் மகளைக் கல்லூரியில் சேர்க்க வாங்கப்போகும் கடனை வாங்க வேண்டாமா?" என்று அவர் கேட்டார்.

அவர் கேட்டதை நான் அற்பமாக எண்ணவில்லை. ஒரு பிள்ளையின் எதிர்காலம் அதில் இருந்தது. உங்களில் பலரும் வாய்விட்டுக் கேளாமல் மனதில் வைத்திருக்கும் கேள்வியும் அதுவே. ஆகவே என் கருத்தை வெளிப்படையாகவே எழுதுகிறேன். கடைசிக் காலத்திற்கு ஆயத்தப்படுதல் என்பது நாளைக் கணக்கிடுவது அன்று. அந்த நாள் எப்போது வந்தாலும் நிலைநிற்கும் விசுவாசத்தை இன்றே, சிறிது சிறிதாக, நம் அன்றாட உழைப்பிலும் உறவிலும் கட்டுவது.

ஆண்டவர் வருவார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த நாளையும் நாழிகையையும் பரலோகத்தின் தூதரும் அறியார், பிதா ஒருவரே அறிவார் என்று அவரே சொல்லியிருக்கிறார் (மத்தேயு 24:36). அவர் மூடிவைத்ததைத் திறக்க முயன்றவர்கள் எல்லாரும் வஞ்சகர்கள் அல்லர். ஆழ்ந்த பக்தி உடையவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

தமிழ் அந்தணக் குடும்பத்தில் பிறந்த ராமய்யன் என்பவர் 1861-ஆம் ஆண்டில் குடும்பத்தாரோடு ஞானஸ்நானம் பெற்று, ஜஸ்டஸ் ஜோசப் என்னும் பெயரோடு திருவிதாங்கூரில் குருவானவராக ஊழியம் செய்தார். கல்வியிலும் கவிபாடுவதிலும் தேர்ந்தவராதலால் மக்கள் அவரை வித்துவான்குட்டி என்று அழைத்தார்கள். திருநெல்வேலிச் சீமையில் 1860-ல் அருளப்பனின் ஊழியத்தில் எழும்பிய எழுப்புதல் பின்னர் திருவிதாங்கூரையும் தொட்டது. அந்த அனலில் முன்னின்றவர்களில் இவரும் ஒருவர். ஆனால் 1875-ல் ஒரு தீர்க்கதரிசனம் எழுந்தது: கிறிஸ்து 1881-ல் திரும்ப வருவார் என்று. அவரும் அதை நம்பி அறிவித்தார். பலர் நம்பிக் காத்திருந்தார்கள். 1881 வந்தது, சென்றது. ஆண்டவர் ஆவிக்குரிய விதத்தில் வந்துவிட்டார் என்று விளக்கம் சொல்லப்பட்டு, யுயோமயம் என்னும் தனிச்சபை பிறந்தது. அவர் 1887-ல் மரித்தார்.

அவர் இயற்றிய மலையாளக் கீர்த்தனைகளைக் கேரளத்துச் சபைகள் இன்றும் பாடுகின்றன. அவர் போட்ட கணக்கோ வரலாற்று நூல்களில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. ஒவ்வொருவனுடைய வேலைப்பாட்டையும் அக்கினி பரிசோதிக்கும் என்று பவுல் எழுதினார் (1 கொரிந்தியர் 3). ஒரே மனிதரின் கையிலிருந்து வந்தவற்றிலும் அன்பினால் பாடியது நின்றது, நாள் குறித்தது வெந்தது.

என்னையும் இதில் நான் விலக்கிக்கொள்ளவில்லை. ஊழியத்தின் தொடக்க நாட்களில், வேறோர் ஊரில், நானும் பயத்தை மூட்டிப் பிரசங்கித்தேன். செய்தித்தாளை ஒரு கையிலும் வெளிப்படுத்தின விசேஷத்தை மறு கையிலும் பிடித்துக்கொண்டு பேசினேன். நாலைந்து வாரங்கள் ஆலயம் நிரம்பி வழிந்தது, பலர் அழுதார்கள். அறுப்புக்காலம் வந்தபோது பழைய முகங்களே மிஞ்சின. பயந்து வந்தவர்கள் பயம் தெளிந்ததும் போய்விட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் அவர்களுக்குக் கொடுத்தது அவ்வளவே.

ராணிப்பேட்டையில் வாழும் உங்களுக்கு இதை உங்கள் தொழிலைக்கொண்டே விளக்கலாம். உரித்த பச்சைத்தோல் நம் ஊர் வெயிலில் சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கும். அதனால் உப்பிட்டு அடுக்குகிறோம். உப்பு அழுகலைத் தள்ளிப்போடும். ஆனால் உப்பிட்ட தோல் பதனிட்ட தோல் ஆகிவிடாது. உப்பைக் கழுவினால் மறுபடியும் அது பச்சைத்தோல்தான். ஆண்டவர் நம்மைப் பூமிக்கு உப்பு என்றது வேறு பொருளில். நான் சொல்ல வருவது, பயம் இந்த உப்பைப் போன்றது என்பதே. சிலகாலம் நம்மைக் கெடாமல் வைக்கும். நம் சுபாவத்தை மாற்றாது.

தோலை மாற்றுவது நீண்ட வேலை. தண்ணீரில் ஊறவேண்டும். சுண்ணாம்பில் கிடந்து மயிர் நீங்கவேண்டும். உட்புறத்துச் சதையைச் சீவவேண்டும். பிறகு அந்நாட்களில் ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்காக, இந்நாட்களில் டிரம்மில் குரோமியக் கரைசலோடு உருண்டு உருண்டு, பதம் உள்ளே இறங்கவேண்டும். மேற்பரப்பில் நிறம் ஏறியதைப் பார்த்து அனுபவமுள்ளவர் ஏமாறமாட்டார். தடித்த இடத்தில் ஒரு துண்டை வெட்டி, நடுவரை நிறம் பாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். குரோமியத் தோலைக் கொதிக்கும் நீரிலும் இட்டுப் பார்ப்பதுண்டு. உள்ளே பதம் பிடிக்காத தோல் சுருங்கிவிடும். பதம் பிடித்தது அப்படியே இருக்கும்.

கடைசிக் காலம் என்பது அந்தக் கொதிநீர். அது தோலைப் பதனிடுவதில்லை. முன்பே பதப்பட்டதா என்பதைக் காட்டிவிடுகிறது, அவ்வளவுதான். முடிவுபரியந்தம் நிலைநிற்பவனே இரட்சிக்கப்படுவான் என்று ஆண்டவர் சொன்னபோது (மத்தேயு 24:13), கடைசி நாளில் மட்டும் நிற்பதை அவர் சொல்லவில்லை. இன்று தொடங்கி அந்நாள்வரை நிற்பதையே சொன்னார்.

பத்துக் கன்னிகைகளின் உவமையும் இதையே கற்பிக்கிறது. பத்துப்பேரும் மணவாளனை நேசித்தார்கள், பத்துப்பேரும் உறங்கினார்கள். நடுராத்திரியில் சத்தம் கேட்டபோது ஐவரிடம் மட்டுமே மிச்ச எண்ணெய் இருந்தது. அந்த வேளையில் கடன் கேட்டாலும் கிடைப்பதில்லை.

நடுராத்திரியில் கதவு தட்டப்பட்ட ஒரு வரலாறு நம் ஊர்ப் பெண்ணுக்கே உண்டு. நம் ராணிப்பேட்டையில் 1866-ல் ஸ்கடர் குடும்பத்தார் தொடங்கிய மருத்துவமனையை நீங்கள் அறிவீர்கள். அக்குடும்பத்தில் 1870-ல் இதே ஊரில் பிறந்தவர் ஐடா ஸ்கடர். மிஷனரி வாழ்க்கை தனக்கு வேண்டாம் என்றிருந்த இளம்பெண் அவர். திண்டிவனத்தில் தந்தையின் வீட்டில் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையிலிருக்கும் தங்கள் மனைவியைக் காப்பாற்ற வரும்படி அழைத்தார்கள். மருத்துவராகிய தந்தையோ ஆண். அந்நிய ஆணை உள்ளே விட அவர்கள் வழக்கம் இடந்தரவில்லை. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

அந்த இரவில் அவரிடம் இரக்கம் இருந்தது, கண்ணீர் இருந்தது, எண்ணெய் இல்லை. அதைச் சம்பாதிக்க ஆண்டுகள் ஆயின. அமெரிக்கா சென்று படித்து, 1899-ல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். இன்று நம்மில் யாருக்கு நோய் முற்றினாலும் நாம் ஓடுவது அந்த வேலூர் மருத்துவமனைக்குத்தானே! ஆண்டவர் வருவார் என்று விசுவாசித்த ஒருவர், வருகைக்காகக் காத்திருந்த காலத்தை என்ன செய்தார் என்பதற்கு அது சாட்சி.

இனி, நம் ஊரின் துயரம் ஒன்றையும் சொல்லவேண்டும். 2015 ஜனவரி 31 அதிகாலையில், சிட்கோ தொழிற்பேட்டையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்தது. சேறும் கழிவும் பக்கத்துத் தோல் தொழிற்கூடத்துக்குள் பாய்ந்து, அங்கே உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்களின் உயிரைக் குடித்தன. அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். இப்படிப்பட்ட சாவுகளைக் கேட்டவுடன், "கடைசிக் கால அடையாளம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோகும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது.

சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் மாண்டதை ஆண்டவர் எப்படிப் பேசினார் என்று பாருங்கள் (லூக்கா 13). மாண்டவர்கள் மற்றவரிலும் அதிகப் பாவிகளோ என்று கேட்டு, இல்லை என்று அவரே மறுத்தார். பிறகு கேட்டுக்கொண்டிருந்தவர்களை மனந்திரும்பச் சொன்னார். விழுந்த கோபுரம் விழுந்தவர்களைப் பற்றிய தீர்ப்பு அன்று, நிற்கிறவர்களுக்கான அழைப்பு.

அந்த அழைப்பு நமக்கு என்ன சொல்கிறது? மத்தேயு 24-ல், எஜமான் வரும்போது பாக்கியவான் என்று எண்ணப்படுகிறவன், வேலைக்காரருக்கு ஏற்றவேளையில் ஆகாரங்கொடுக்கிறவனாகக் காணப்படும் விசாரணைக்காரன். எஜமான் வரத் தாமதிக்கிறான் என்று எண்ணி உடன்வேலைக்காரரை அடிக்கத் தொடங்குகிறவனே பொல்லாதவன். வருகையைப் பற்றிய நம் விசுவாசம், உடன்வேலைக்காரரை நாம் நடத்தும் விதத்தில்தான் வெளிப்படுகிறது. நீங்கள் மேற்பார்வையாளரானால், உங்கள் பொறுப்பிலுள்ள சுவர் உறுதியானதா என்று பார்ப்பதும் ஆயத்தமே. நீங்கள் முதலாளியானால், கூலியைத் தாமதிக்காமல் கொடுப்பதும், கழிவைப் பாலாற்றில் கலக்காமல் காப்பதும் ஆயத்தமே. நாற்றம் பிடித்த தொழில் என்று உலகம் ஒதுக்கும் வேலையைச் செய்கிறவரானால், தலை குனியாதீர்கள். புறஜாதியாருக்குச் சுவிசேஷக் கதவு திறந்த நாட்களில் பேதுரு தங்கியிருந்தது, யோப்பாவில் தோல் பதனிடுகிற சீமோனின் வீட்டில் (அப்போஸ்தலர் 10).

பிரியமானவர்களே, இவ்வாரம் மூன்று காரியங்களை உங்கள்முன் வைக்கிறேன். முதலாவது, காலையில் கைபேசியைத் திறக்குமுன் வேதத்தில் ஓர் அதிகாரத்தை வாசியுங்கள். மாலையில் பிள்ளைகளோடு பத்து நிமிடமாவது ஜெபியுங்கள். பதம் இறங்குவது தினந்தோறும் ஊறுவதால்தான். இரண்டாவது, யாரோடு பேசாமல் இருக்கிறீர்களோ, யாருக்குக் கூலியோ கடனோ பாக்கி வைத்திருக்கிறீர்களோ, அதை ஞாயிறு ஆராதனைக்குமுன் சரிசெய்யுங்கள். மூன்றாவது, உங்கள் தெருவில் வடமாநிலத் தொழிலாளர்கள் தங்கியிருந்தால், ஒருவரின் பெயரையாவது கேட்டு அறிந்துகொள்ளுங்கள். பத்துப்பேர் மாண்ட இந்த ஊரில் அவர்களுடைய பெயர் தெரியாமல் நாம் விழித்திருக்கிறோம் என்று சொல்லமுடியாது.

அந்தச் சகோதரிக்கு நான் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன். "அம்மா, தாங்கக்கூடிய அளவு கடன் வாங்கி மகளைக் கல்லூரியில் சேருங்கள். ஆண்டவர் நாளைக்கே வந்தாலும், கடமையைச் செய்துகொண்டிருந்த தாயாக அவர் உங்களைக் காண்பார், வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர் தாமதித்தால், இன்னொரு வீட்டின் கதவு நடுராத்திரியில் தட்டப்படும்போது எழுந்துபோக உங்கள் மகள் ஆயத்தமாயிருப்பாள்." வருகை நெருங்கியதென்று வேலையை விட்டவர்களைத் தெசலோனிக்கேயாவில் பவுலும் இப்படித்தான் திருத்தினார்: அமைதலோடே உழைத்து உண்ணுங்கள், நன்மை செய்வதில் சோர்ந்துபோகாதிருங்கள் என்று (2 தெசலோனிக்கேயர் 3).

சேர்க்கைப் பணத்தைக் கட்டிவிட்டதாகக் கடந்த ஞாயிறன்று அவர் சொன்னார். அந்தக் காணொளியையும் அழித்துவிட்டாராம்.

ஜெபிப்போம்: அன்பின் பரலோகப் பிதாவே, நாளை அறிய விரும்பும் எங்கள் ஆவலை மன்னியும். எங்கள் மேற்பரப்பை அல்ல, உள்ளத்தின் நடுப்பகுதியைப் பதப்படுத்தும். உம்முடைய குமாரன் வரும்போது எங்கள் கைகளை வேலையிலும் எங்கள் இருதயத்தை அன்பிலும் காணச் செய்தருளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே, ஆமென்.

கர்த்தருடைய கிருபை உங்கள் அனைவரோடும் இருப்பதாக.